நிலவறை எண் 14: ஒரு பெட்டி ஒயினும் ஒரு சூடான குழாயும்

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் கோடையைவிடக் குளிர்காலத்தில்தான் சூடு அதிகம். இது எனக்குத் தெரியவந்தது 2009 ஜனவரியில். ஒரு பெட்டி ஒயினை உள்ளே கொண்டுபோய் வைத்து நான்கு மாதம் கழிந்த பிறகு. வெளியே பாரிஸ் புறநகர் முழுக்க உறைபனி. நிலவறை எண் 14இல் தெர்மாமீட்டர் 20.5 டிகிரி காட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். ஏழு மாடிக்கும் கணப்புக்கான வெந்நீரைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய், முழங்கைப் பருமனில், என் பெட்டிக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்துப் பார்த்து உடனே எடுத்துவிட்டேன்.

பெட்டியில் வந்தவை பன்னிரண்டு பாட்டில்கள். போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில் மெதோக் பகுதி இருக்கிறது. அங்கே வரிசையாக வரும் பேர்பெற்ற ஒயின் ஊர்களில் வடக்கே கடைசி ஊர் சேன்தெஸ்தெஃப். அந்த ஊர்ப் பண்ணை ஒன்றின் 2005ஆம் ஆண்டுச் சிவப்பு ஒயின் அது. பண்ணையின் பெயரை எழுதப்போவதில்லை. பன்னிரண்டில் ஒன்று தக்கையால் கெட்டது. அதற்காக அவர்கள் பெயர் இங்கே அடிபடுவது நியாயமில்லை. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகப் போட்ட தரவரிசையில் சேன்தெஸ்தெஃபின் ஐந்து பண்ணைகள் உண்டு. என்னுடையது அந்த ஐந்தில் இல்லை. அதனால்தான் பாட்டில் 22 யூரோவுக்குக் கிடைத்தது. செப்டம்பர் வந்தால் பிரான்சின் பெரிய கடைகளெல்லாம் ஒயின் சந்தை நடத்தும். 2008 சந்தையில் வாங்கினேன். மொத்தம் 264 யூரோ. மனைவி ரசீதை இரண்டு முறை படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

நான் புதுச்சேரிக்காரன். பாரிஸில் என் முதல் வேலை ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவது. கழுவுபவனுக்கு நல்ல ஒயின் வந்து சேர ஒரே வழிதான் இருக்கிறது: மேசையிலிருந்து திரும்பும் பாட்டிலின் அடி. அங்கே ஒயினுக்குப் பொறுப்பாக இருந்த சொம்மலியே வயதானவர். விருந்தினர் விட்டுச்சென்ற இரண்டு விரற்கடை ஒயினைச் சின்னக் கிளாஸில் ஊற்றி என்னிடம் நீட்டுவார். "முதலில் தொட்டுப் பாருங்கள், சூடா குளிர்ச்சியா என்று. பேச்செல்லாம் அப்புறம்" என்பார். பத்து ஆண்டுகள் அவரிடம் கேட்ட பாடத்தில் பாதி, வெப்பநிலையைப் பற்றியதுதான்.

மீதிப் பாதி சொற்கள். அதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு. காசிஸ் பழம், ஈர மண், குதிரைச் சேணம், வயலெட் பூ என்று அவர் அடுக்குவார். காசிஸ் என்ற கறுப்புச் சிறுபழத்தை நான் பிரான்சுக்கு வரும்வரை பார்த்ததில்லை. வயலெட் பூவை இன்றுவரை முகர்ந்ததில்லை. ஆனால் அவர் தடுமாறிய இடத்தில் எனக்குச் சொல் தயாராக இருந்தது. இளம் சிவப்பு ஒயின் வாயை இறுக்கிப் பிடிப்பதை விளக்க அவர் தேநீர், வால்நட் தோல் என்று சுற்றிச் சுற்றி வருவார். நமக்கு அது அறுசுவையில் ஒன்று: துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. எச்சிலின் வழவழப்புப் போகிறது, நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உரசிக்கொள்கின்றன. பாக்கு மென்றவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வாழைப்பூவின் துவர்ப்பு வேறு, கடுக்காயின் துவர்ப்பு வேறு, மாதுளைத் தோலின் துவர்ப்பு வேறு என்று பிரித்துச் சொல்லும் நாக்கு நம்மிடம் இருக்கிறது. என் குறிப்பேட்டில் இந்தப் பன்னிரண்டு பாட்டில்களின் வரலாறு முழுக்கத் துவர்ப்பின் வரலாறாகத்தான் இருக்கிறது.

ஆற வைத்துக் குடிக்கும் ஒயினை ஏன் வைக்கிறோம் என்பதும் அதில்தான். இளம் ஒயினில் டானினும் நிறமிகளும் தனித்தனியே திரிகின்றன. ஆண்டுகள் போகப்போக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமான சங்கிலிகளாகின்றன. மிகப் பெரிதானவை கரைசலில் நிற்க முடியாமல் அடியில் மண்டியாகப் படிகின்றன. ஊதா போய் மாணிக்கச் சிவப்பு, அதுவும் போய் ஓட்டுச் சிவப்பு. பழ மணம் அடங்கி வேறு மணங்கள் தலைகாட்டும். தக்கை வழியே நுழையும் துளிக் காற்றும் இதில் பங்கெடுக்கும். இவ்வளவும் 12, 13 டிகிரியில் நிதானமாக நடக்க வேண்டியவை. சூடு ஏறினால் எல்லா வினைகளும் வேகமெடுக்கும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் வேகமெடுக்காது. நிதானமாகப் பழுக்க வேண்டியது வெம்பிப் பழுக்கும். ஆகவே 20.5 டிகிரி என்பது அலட்சியம் செய்யக்கூடிய எண் அல்ல.

முதல் வேலை குழாய்க்குப் போர்வை. கடையில் சாம்பல் நிற நுரை உறைகளை வாங்கிக் குழாயில் மாட்டி, துணி நாடாவால் சுற்றினேன். அழகாக இருந்தது. ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தால் சூட்டில் பசை இளகி நாடாக்கள் எல்லாம் பாம்புச் சட்டை மாதிரி தொங்கின. உறை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இரண்டாவது முறை, கணப்புக் குழாய்க்கென்றே விற்கும் கண்ணாடிக் கம்பளி ஓடுகள்: 30 மில்லிமீட்டர் தடிமன், மேலே அலுமினியத் தாள். நாடாவை நம்பாமல் ஒவ்வொரு சாணுக்கும் கம்பி போட்டு முறுக்கினேன். கையுறை போடாமல் தொடங்கியதால் இரண்டு நாள் கையெல்லாம் அரிப்பு. என் அறைக்குள் ஓடுவது இரண்டு மீட்டர்தான். ஆனால் சுவருக்கு அப்பால் 13இலும் 15இலும் குழாய் அம்மணமாக ஓடினால் என்ன பயன்? அண்டை வீட்டாரிடம் சாவி வாங்கி அங்கேயும் சுற்றினேன். மொத்தம் ஆறு மீட்டர். கட்டட நிர்வாகத்துக்கு அனுமதி கேட்டு மூன்று கடிதங்கள் போட்டேன். பதில் வந்தபோது வேலை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த ஜனவரியில் 15.5 டிகிரி. கோடையில் 17. புத்தகக் கணக்குக்கு மூன்று நான்கு டிகிரி கூடுதல்தான். ஆனால் இடையே ஏறும்போதும் இறங்கும்போதும் மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்தது. அதுதான் எனக்கு வேண்டியது. நாள்தோறும் ஏறி இறங்கினால் பாட்டிலுக்குள் திரவம் விரிந்து சுருங்கி, தக்கையோடு மல்லுக்கட்டும்.

பிறகு ஈரப்பதம். குழாய்ச் சூட்டில் காய்ந்துபோய் 55 சதவீதத்தில் இருந்தது. தக்கையின் வெளிமுனை காய்ந்தால் சுருங்கி வழிவிடும்; 70, 75 இருந்தால் நல்லது. பழைய பாரிஸ் நிலவறைகளைப் போல எங்களுடையதும் மண் தரைதான். அதன்மேல் ஐந்து சென்டிமீட்டர் சரளைக்கல் பரப்பி, வாரம் ஒரு வாளி தண்ணீர் தெளித்தேன். சிமெண்ட் தரையாக இருந்திருந்தால் இந்தச் சுகம் இல்லை. உற்சாகத்தில் தெருப்பக்கம் இருந்த காற்றுத் துவாரத்தையும் பலகை வைத்து அடைத்துவிட்டேன். இரண்டே மாதத்தில் ஈரம் 92க்குப் போய், லேபிள்களில் வெள்ளைப் பூஞ்சை மயிர் விட்டது. ஒயினுக்கு அதனால் கேடில்லை. ஆனால் லேபிள் உரிந்தால் எது எந்த ஆண்டு என்றே தெரியாது. பலகையைப் பாதியாக அறுத்து, துவாரத்தைப் பாதி திறந்துவிட்டேன். 78இல் நின்றது. பாட்டில்களின் வயிற்றில் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைத்தேன். அட்டைப் பெட்டி இருந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஈரத்தில் ஊறி நாறும். மரப்பெட்டி பரவாயில்லை.

பூஞ்சையைப் பார்த்த 15ஆம் எண் பெரியவர், நல்ல மனிதர், ஒரு கேன் ஷாவெல் நீரோடு வந்துவிட்டார். துணி வெளுக்கவும் தரை கழுவவும் பிரான்சில் எல்லா வீட்டிலும் இருக்கும் குளோரின் நீர் அது. பாரிஸின் ஷாவெல் பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலில் தயாரானதால் அந்தப் பெயர். அவர் மூடியைத் திருகுவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டேன். மரம், பூஞ்சை, குளோரின் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் டிரைக்குளோரோஅனிசோல் என்ற பொருள் உருவாக வழி பிறக்கும். கெட்ட தக்கையின் நாற்றத்துக்குக் காரணமான அதே பொருள். ஒரு லிட்டர் ஒயினில் சில நானோகிராம் இருந்தால் போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். இந்தக் காரணத்தால் ஒயின் பண்ணைகளே தங்கள் கிடங்குகளிலிருந்து குளோரினை வெளியேற்றிவிட்டன. பெரியவருக்குச் சோடா உப்பும் தேய்ப்பு பிரஷும் கொடுத்தேன். கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் தேய்த்தார்.

நிலவறைக் கதை இவ்வளவு. இனி பாட்டில்கள்.

முதலாவதை வாங்கிய இரண்டாம் மாதமே திறந்தேன். புதுப் பெட்டியில் ஒன்றை உடனே திறந்து பார்ப்பது வீண்செலவு என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. தொடக்கம் தெரியாமல் தூரம் அளக்க முடியாது. வெள்ளைத்தாள் மேல் கிளாஸைச் சாய்த்தேன். விளிம்புவரை ஊதா, பேனா மைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கிளாஸ் என்றால் பிரெஞ்சு ஒயின் நிறுவனம் 1970களில் வகுத்த சின்னத் துலிப் வடிவக் கிளாஸ். முக்கால் சாண் உயரம்கூட இருக்காது, ஊற்றுவது 50 மில்லி. ஆட்டாமல் ஒரு முறை முகர வேண்டும், சுழற்றிவிட்டு மறுமுறை. காசிஸ் (இதற்குள் எனக்கு அந்தப் பழம் பழகிவிட்டது), புது ஓக் மரத்தின் வனிலா, பென்சில் சீவிய துகள். வாயில் போட்டால் பச்சைப் பாக்கு. என் மைத்துனன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "அத்தான், இதற்கா 22 யூரோ? வெற்றிலையும் சுண்ணாம்பும் எங்கே?" என்றான். குறிப்பேட்டில் அவன் சொன்னதைத்தான் எழுதி வைத்தேன். அதைவிடச் சரியாக நான் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த ஊர் ஒயின் அப்படித்தான். சேன்தெஸ்தெஃபில் சரளைக்குக் கீழே களிமண் அதிகம். களிமண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். 2005 மழை மிகக் குறைந்த ஆண்டு. மற்ற இடங்களில் கொடிகள் தவித்தபோது இங்கே வேருக்கு ஈரம் கிடைத்தது. அதனால் முதுகெலும்பு உள்ள ஒயின். திராட்சையில் கபெர்னே சொவிஞோன் வகை பாதிக்கு மேல், மீதி மெர்லோ வகை. பொறுமை உள்ளவனுக்கான கலவை.

2010இல் இரண்டாவது. பாக்கு வாழைப்பூவாக இறங்கியிருந்தது. பழம் இன்னும் தளதளவென்று. மகிழ்ச்சியில் 2012 பிப்ரவரியில் மூன்றாவதைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. மணம் இல்லை, பழம் இல்லை, துவர்ப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. நிலவறையில் நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் சொம்மலியேவிடம் மிச்சத்தை எடுத்துப்போனேன். அவர் முகர்ந்தார், சிரித்தார். "மூடிக்கொண்டுவிட்டது. போர்தோ சில ஆண்டுகள் இப்படி ஊமையாக இருக்கும். சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள்" என்றார். சாவியை மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் தரவில்லை.

இடையே 2013 கோடையில் குடும்பத்தோடு அந்த ஊருக்கே போனோம். போயாக் ஊரைத் தாண்டிச் சிறு மேடு ஏறியதும் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே கூம்புக் கோபுரங்களோடு ஒரு கட்டடம், குழந்தைகள் "கோயில்!" என்று கத்தினார்கள். கோஸ் தெஸ்தூர்னெல். 1855 வரிசையில் இரண்டாம் தரம். அதைக் கட்டிய லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் இந்தியாவுக்கு ஒயின் ஏற்றுமதி செய்தவர். பகோடாக் கோபுரங்கள் அந்தக் கிறுக்கின் அடையாளம், வாசற்கதவு சான்சிபாரிலிருந்து வந்தது. விற்காமல் கப்பலில் திரும்பி வந்த ஒயின் போனதைவிட நன்றாக இருந்ததாகவும், அதை 'இந்தியா போய்த் திரும்பியது' என்று சொல்லியே விற்றதாகவும் கதை. வெப்ப மண்டலத்தைக் கடந்து மாதக்கணக்கில் ஆட்டமும் சூடும் பட்ட பாட்டில்! நான் ஆறு மீட்டர் குழாய்க்குக் கம்பளி போர்த்தியதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. அன்றைய ஒயின் வேறு, அன்றைய நாக்குகளும் வேறு என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நான்காவது, 2014. இதுதான் கெட்டது. தக்கையை உருவியதும் அறையில் நனைந்த அட்டையின் வாடை. மழைக்காலத்தில் மூடியே கிடந்த பழைய வீட்டைத் திறந்தால் வருமே, அது. காற்றாடினால் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகாது, நேரம் ஆக ஆகக் கூடும். சமையலில் ஊற்றலாமா என்று மனைவி கேட்டாள். குழம்பும் நாறும் என்றேன். தொட்டியில் கொட்டினேன். 22 யூரோ தண்ணீர்க்குழியில் இறங்கும் ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது.

ஐந்தும் ஆறும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுதத் தூண்டியவை அவைதான். 2015 மார்ச்சில் சமையலறை மேல் அலமாரியைத் துப்புரவு செய்த மனைவி, ரவைப் பொட்டலங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அதே பெட்டியின் பாட்டில். 2008இல் புத்தாண்டுக்கு என்று ஒன்றை அங்கே படுக்கவைத்து மறந்திருக்கிறேன். பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியின் முதுகு, கீழே அடுப்பு. ஆறு ஆண்டுகளுக்கு மேல், 20 முதல் 30 டிகிரி வரை ஏறி இறங்கிய இடம். இப்படி ஒரு பரிசோதனையைத் திட்டமிட்டுச் செய்ய எனக்கு மனம் வந்திருக்காது. தானாக நடந்துவிட்டது.

நிலவறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். திறப்பதற்கு முன்பே வித்தியாசம் தெரிந்தது. நிலவறைப் பாட்டிலில் ஒயின் கழுத்தின் அடிவரை நின்றது. சமையலறைப் பாட்டிலில் தோள்வரை இறங்கியிருந்தது. மூடியைச் சுற்றிய தகரத்தை உரித்தால் அடியில் பிசுபிசுப்பு. தக்கையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒயின் ஏறிய கோடு. சூட்டில் விரிந்த ஒயின் தக்கையோரமாகக் கசிந்திருக்கிறது, குளிர்ந்தபோது காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. திருகு போட்டு இழுத்ததும் தக்கை பாதியில் பிட்டுக்கொண்டது. மீதியை இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட கருவியால் எடுத்தேன். தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே மாறிமாறி அசைத்து இறக்கி, திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தக்கை உள்ளே விழும்.

நேர்மையாகச் சுவைக்க வேண்டுமே. போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை 2001இல் வெளியானது: வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து 54 ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்தார்கள், அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். படிக்கிற பிள்ளைகளையே கண் அப்படி ஏமாற்றினால் நான் எம்மாத்திரம்? விளக்கை அணைத்தோம். மனைவி அடுத்த அறையில் ஊற்றி, கிளாஸ்களின் அடியில் அ, ஆ என்று ஒட்டிக் கொண்டுவந்தாள்.

அ: முதலில் பென்சில் மரம், பிறகு சுருட்டுப் பெட்டி, அதற்கடியில் கனிந்த கறுப்புப் பழம். துவர்ப்பு இருக்கிறது, ஆனால் உரசவில்லை. கடுக்காய் ஊறிய நீர் போல நுண்மையாக நாக்கு முழுக்கப் படர்ந்தது. விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கோதலி' என்ற அலகால் அளப்பார்கள். ஒரு விநாடிக்கு ஒரு கோதலி. பதினொன்றுவரை எண்ணினேன். ஊமை வாய் திறந்துவிட்டது.

ஆ: உலர்ந்த கொடிமுந்திரி, லேசாகக் கருகிய வெல்லம், பின்னால் வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள். துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. புளிப்பு மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று கோதலி. விளக்கைப் போட்டால் விளிம்பு செங்கல் பழுப்பு. இருபது வயதுக் கிழட்டு ஒயினின் நிறம்.

மைத்துனனிடம் கேட்டேன். "ஆ தான் நல்லது, அத்தான். வாயைப் பிடிக்கவில்லை" என்றான். ஏழு ஆண்டுப் பாதுகாப்பும் கண்ணாடிக் கம்பளி அரிப்பும் அந்த நொடியில் என் கண்முன் வந்துபோயின. ஆனால் அவனைக் குறை சொல்ல மாட்டேன். துவர்ப்பு பிடிக்காதவனுக்குத் துவர்ப்பு செத்த ஒயின் நல்ல ஒயின்தான். அரை மணி கழித்து இரண்டு கிளாஸையும் மறுபடி கொடுத்தேன். ஆவில் இப்போது மணமே இல்லை; சப்பென்று ஆகிவிட்டது. அ இன்னும் விரிந்துகொண்டிருந்தது. அவன் மௌனமாக அ கிளாஸைக் காலி செய்தான்.

ஏழும் எட்டும் விருந்துகளில் போய்விட்டன. குறிப்பே எழுதவில்லை, பிரியாணிக்கு முன் ஒயினை யார் கவனிப்பார்கள்?

2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி, நகரின் வரலாற்றிலேயே அதிகபட்சம். மாலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன்: நிலவறையில் 17.5. மண் தரைக்கு ஒரு கும்பிடு போட்டேன். அந்த ஆண்டுக் கடைசியில் ஒன்பதாவதைத் திறந்தோம். இதுதான் பெட்டியின் உச்சம் என்று இன்றும் சொல்வேன். மழை விட்ட தோப்பின் சருகு, காய்ந்த புகையிலை இலை, தோல் செருப்புக் கடை; இவற்றுக்கு நடுவே பதினான்கு வயதிலும் ஒரு சொட்டுப் பழம். நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஓர் இனிப்பு வருமே, விழுங்கி முடித்த பிறகு அந்த மாதிரி ஏதோ ஒன்று வந்தது. இந்த ஒயினில் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். துவர்ப்பு விலகும் இடத்தில் நாக்கு தானாக உண்டாக்கிக்கொள்ளும் இனிப்பு அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குள் அடியில் மண்டி விரல் தடிமனுக்குச் சேர்ந்திருந்ததால் இறுத்துத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. இறுப்பதில் என் முறை: இரண்டு நாளுக்கு முன்பே பாட்டிலை நிலவறையிலேயே நிமிர்த்தி வைப்பேன். பக்கவாட்டில் படிந்திருக்கும் மண்டி மெல்ல வழிந்து அடிக்குப் போகும். மேலே கொண்டுவரும்போது கைக்குழந்தையைப் போல, சாய்க்காமல். தக்கையை எடுத்தபின் வாயின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைப்பேன். இடது கையில் கண்ணாடிக் கூஜா, வலது கையில் பாட்டில். பாட்டில் கழுத்துக்குக் கீழே மேசையில் மெழுகுவத்தி. ஊற்றத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உள்ளே அலையடித்து எல்லாம் கலங்கிவிடும். சுடர் கழுத்தின் வழியே சிவப்பாகத் தெரியும். முடியும் நேரத்தில் அந்தச் சிவப்பில் ஒரு கறுப்பு இழை, புகை மாதிரி நெளிந்து நெளிந்து வரும். அது கழுத்தைத் தொட்ட நொடியில் நிமிர்த்திவிட வேண்டும். பாட்டிலில் மிஞ்சுவது அரைக் கிளாஸ் மண்டி. ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்த்தேன், காபித்தூளைத் தின்ற மாதிரி கசப்பும் நறநறப்பும். கூஜாவில் இறங்கியதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: தேறல். தேறித் தெளிந்த மது. பிரெஞ்சில் இதற்கு இணையாக ஒரே சொல்லை நான் கேட்டதில்லை; சொம்மலியேவிடம் சொன்னபோது அவர் இரண்டு முறை உச்சரித்துப் பார்த்தார். றகரம்தான் வரவில்லை.

பத்தாவது 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது. இங்கே ஒரு பிழை செய்தேன். இளம் ஒயினைக் கூஜாவில் இரண்டு மணி நேரம் விட்டால் இளகும். அதே வழக்கத்தில் பதினைந்து வயதானதையும் இறுத்துவிட்டு, தொலைபேசியில் ஊர்க்கதை பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கூஜாவில் சிவப்புத் தண்ணீர் இருந்தது. பழைய ஒயினின் மணம் மெல்லிய இழை. நிறையக் காற்றுப் பட்டால் அறுந்துவிடும். பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்டதை இறுத்த கையோடு, மிஞ்சினால் இருபது நிமிடத்தில் ஊற்றிவிட வேண்டும். சூட்டையும் பார்க்க வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கச் சொன்ன காலத்தில் பிரெஞ்சு வீடுகளின் அறைகள் 16, 17 டிகிரியில் இருந்தன. இன்றைய 22 டிகிரி வரவேற்பறையில் சாராய நெடிதான் முன்னே வரும்.

பதினொன்றாவதை 2023இல் சொம்மலியே ஓய்வு பெற்றபின் அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். லேபிளில் பூஞ்சைக் கறை இருந்தது. அவர் தொட்டுப் பார்த்தார். "பதினாறு டிகிரி" என்றார். பையில் ஈரத்துணி சுற்றி எடுத்துச் சென்றிருந்தேன். என்னிடம் இருந்த தெர்மாமீட்டரும் அதைத்தான் சொன்னது. ஒயின் உச்சத்தைத் தாண்டி இறக்கத்தில் கால் வைத்திருந்தது. நிறம் ஓட்டுச் சிவப்பு, பழம் அநேகமாக இல்லை, சருகும் காளானும். துவர்ப்பு வெறும் நினைவாக இருந்தது. எனக்கு லேசான ஏமாற்றம். அவருக்கு இல்லை. தட்டில் வறுத்த ஆட்டுக்கறியை எனக்கு நகர்த்திவிட்டு, இரண்டாவது கிளாஸைத் தானே ஊற்றிக்கொண்டார்.

மிச்சம் ஒன்று. போன வாரம் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்: கழுத்தின் அடியிலிருந்து நான்கு மில்லிமீட்டர் கீழே. இருபது வயதுக்கு நல்ல கணக்கு. இந்த டிசம்பரில் திறந்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் கட்டடத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: கணப்புக் குழாய்கள் முழுவதையும் மாற்றப்போகிறார்கள், நிலவறைகளை மூன்று வாரம் காலி செய்து தர வேண்டும். என் கண்ணாடிக் கம்பளியும் அதோடு போகும்.

பாட்டிலை மேலே எங்கே வைப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. வடக்கு அறைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம் என்பது மனைவியின் யோசனை. அங்கே நேற்று இரவு தெர்மாமீட்டரை வைத்திருக்கிறேன். சமையலறை மேல் அலமாரியும் காலியாகத்தான் இருக்கிறது என்று மைத்துனன் சொல்லிப் பார்த்தான். யாரும் பதில் சொல்லவில்லை.